குளிர் நாட்டுக்குப் புறப்படும் முன்: உடையும் காலணியும்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு ஆகிய ஊர்களிலிருந்து எங்களிடம் சிகிச்சைக்கு வருவோருள் பலருடைய பிள்ளைகள் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் வாழ்கின்றனர். செவிலியராகச் சென்றோர் உண்டு. தோல் வணிகத்தை ஒட்டிச் சென்றோர் உண்டு. மேற்படிப்புக்காகச் சென்று அங்கேயே தங்கிவிட்டோரும் உண்டு. மகளின் பேறுகாலத்துக்கு உதவவோ, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ, நிலையாகத் தங்கிவிடவோ பெற்றோர் புறப்படும்போது, ஆறு மாதத்துக்கு வேண்டிய மருந்துச் சீட்டைக் கேட்டு எங்களிடம் வருகின்றனர். மருந்துகளைப் பற்றி நிறையக் கேட்கின்றனர். உடுக்கப்போகும் உடையைப் பற்றியும் அணியப்போகும் காலணியைப் பற்றியும் கேட்போர் மிகச் சிலரே.

உடலில் நோய் ஏதுமில்லாத ஓர் இளைஞர் தவறான உடையோடு குளிரில் நின்றால், நடுங்குவார், விரல் வலிக்கும், உடனே உள்ளே ஓடிவிடுவார். அவருடைய உடலே அவரை எச்சரித்துக் காக்கிறது. நீண்டகால நீரிழிவால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்கும், வயது முதிர்ந்தவருக்கும் அந்த எச்சரிக்கை தாமதமாகவே கிடைக்கும். சிலருக்குக் கிடைக்காமலே போகும். அத்தகையோர் குளிர் தெரிந்த பிறகு உடுத்திக்கொள்ளலாம் என்று காத்திருக்கலாகாது. உணர்வு செய்யாத வேலையை உடையும் காலணியும் கண் பார்வையும் செய்தாக வேண்டும். இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்து.

நம் ஊர்க் குளிரும் அந்த ஊர்க் குளிரும்

வேலூரில் மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 15 டிகிரி செல்சியசுக்கு மேலேயே நிற்கும். ஏலகிரியிலும் சவ்வாது மலையிலும் ஒரு ஸ்வெட்டரும் குல்லாவும் போதும். தமிழ்நாட்டில் நாம் காணக்கூடிய கடுங்குளிர், தை மாதத்து உதகையில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் உறைபனிதான். அதுவும் கதிரவன் எழுந்த சிறிது நேரத்தில் கரைந்துவிடும்.

இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் பெருந்தொகையாக வாழும் டொரோண்டோ நகரில் ஜனவரி மாத இரவு வெப்பநிலை சராசரியாக மைனஸ் 7 டிகிரிக்கு அருகில் இருக்கும். கனடாவின் நடுப்பகுதியில் உள்ள வினிபெக் நகரில் அது மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். நவம்பரில் தொடங்கும் குளிர் மார்ச்சு வரையிலும் நீடிக்கும். இலண்டன் இவ்வளவு கடுமையானதன்று. ஆனால் அங்கே மழையும் ஈரமும் மிகுதி. எனவே, எந்த ஊருக்குப் போகிறீர்கள், எந்த மாதத்தில் இறங்குகிறீர்கள் என்பவற்றை முதலில் தெரிந்துகொண்ட பின்னரே உடை வாங்க வேண்டும்.

வெப்பநிலையோடு காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்று வீசும்போது தோலை ஒட்டி நிற்கும் வெதுவெதுப்பான காற்றுப்படலம் அடித்துச் செல்லப்படுகிறது. உடல் விரைவாகக் குளிர்கிறது. இதனைக் கனடிய வானிலை அறிக்கைகள் ‘விண்ட் சில்’ என்ற எண்ணாகத் தருகின்றன. வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியாக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசினால், அந்த எண் மைனஸ் 33 ஆகும். அந்த நிலையில் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையத் தொடங்கக்கூடும். பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரம் அதற்குப் போதும். ஆகவே, வெளியே செல்லும் நாளில் பார்க்க வேண்டியது இந்த எண்ணையே.

தடிமன் அன்று, அடுக்கு

‘தடிமனான ஒரு கோட்டு வாங்கிக்கொண்டால் போதும்’ என்பதே பெரும்பாலோரின் எண்ணம். உண்மையில் நம்மை வெதுவெதுப்பாக வைத்திருப்பது துணியின் எடை அன்று. துணிகளுக்கு இடையிலும் நூலிழைகளுக்கு இடையிலும் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான். அந்தக் காற்றுக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று, உள்ளே புகும் காற்று, மற்றொன்று, ஈரம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திவிடும். நனைந்த உடை உடுத்தியவரிடமிருந்து வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டையும் மனத்தில் கொண்டால் மூன்று அடுக்கு முறை எளிதில் விளங்கும்.

முதல் அடுக்கு தோலை ஒட்டியது. வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் வெளியே அனுப்புவது இதன் வேலை. நம் ஊருக்கு மிக ஏற்ற பருத்தி, அங்கே இந்த இடத்துக்கு ஏற்றதன்று. வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் மெதுவாகவே உலரும். உடலைச் சில்லிட வைக்கும். மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டரால் ஆன ‘தெர்மல்’ உள்ளாடையே தக்கது. மேலுக்கும் காலுக்கும் இரண்டிரண்டு இணை வேண்டும். ஒன்று துவைத்து உலரும்போது மற்றொன்று உதவும்.

இரண்டாம் அடுக்கு காற்றைச் சிறைப்பிடிப்பது. கம்பளி ஸ்வெட்டர், ‘ஃப்ளீஸ்’ எனப்படும் பஞ்சுபோன்ற செயற்கைத் துணி, இறகு அடைத்த மெல்லிய சட்டை ஆகியவை இதற்கு உதவும். இறகு எடை குறைந்தது, மிக வெதுவெதுப்பானது. ஆனால் நனைந்தால் பயனிழக்கும். கம்பளி சற்று நனைந்தாலும் ஓரளவு காக்கும்.

மூன்றாம் அடுக்கு காற்றையும் பனியையும் தடுக்கும் வெளிக்கோட்டு. இடுப்புக்குக் கீழே தொடை வரை இறங்குவதும், தலையை மூடும் தொப்பி இணைந்ததும், மணிக்கட்டில் இறுகுவதுமான கோட்டு நல்லது. வாங்கும்போது உள் அடுக்குகளை அணிந்துகொண்டே போட்டுப் பார்க்க வேண்டும். கையை உயர்த்தவும் குனியவும் இயலாத அளவுக்கு இறுகினால், உள்ளே இருக்கும் காற்றும் நசுங்கிவிடும்.

இந்த முறை படைவீரர் குடும்பங்கள் நிறைந்த நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. லடாக்கில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், ஒரு மாலைப்பொழுது அவரிடம் கேட்டுப்பாருங்கள். வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும் என்பதையும், நனைந்த காலுறையை உடனே மாற்ற வேண்டும் என்பதையும் அவர் தம் அனுபவத்திலிருந்தே சொல்லுவார்.

தோல் கோட்டைப் பற்றி ஒரு சொல். நம் பகுதியில் தோல் கோட்டு எளிதில் கிடைக்கும் என்பதால் அதையே எடுத்துச் செல்ல விரும்புவோர் உண்டு. தோல் காற்றை நன்கு தடுக்கும். ஆனால் தனியாக வெதுவெதுப்புத் தராது. ஈரப்பனியில் கனத்துப்போகும். இலையுதிர்காலத்துக்கு அது அழகிய உடை. மைனஸ் 15 டிகிரியில் முதியவர் ஒருவர் நம்பி வெளியே போகத் தக்க உடை அன்று.

சேலை உடுத்தும் தாய்மார்கள் அதனை விட்டுவிட வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளும் கோயிலிலும் விழாவிலும் சேலைக்குள் தெர்மல் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணியலாம். ஆனால் பனி கிடக்கும் தெருவில் சேலைக்கரை நனைந்து கணுக்காலில் ஒட்டும், காலடியிலும் சிக்கும். தெருவில் நடக்கும் நேரத்துக்கு மட்டுமேனும் காற்சட்டை அணிவதே பாதுகாப்பு. வேட்டிக்கும் இது பொருந்தும்.

பாதம்: வேலூர் உலகுக்குச் சொன்ன பாடம்

உடலின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருப்பது பாதம். குளிர் தாக்கும்போது உடல் தன் உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கை கால்களுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆதலால் முதலில் துன்புறுவன விரல்களே. நீரிழிவு உள்ளவர்களில் பலருக்குப் பாதத்து இரத்தக்குழாய்களும் குறுகியிருக்கும், நரம்புகளும் மரத்திருக்கும். குளிரும் தாக்கும், அது தெரியவும் தெரியாது.

வலி தெரியாத பாதத்தைப் பற்றிய அறிவு, பெரிய அளவில் நம் வேலூரிலிருந்தே உலகுக்குச் சென்றது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கை கால்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். விரல்கள் அந்நோயால் தாமாக அழுகி விழுவதில்லை. வலி உணர்வு போய்விட்டதால், தெரியாமல் படும் காயமும் சூடும் ஓயாத அழுத்தமுமே அவற்றைச் சிதைக்கின்றன என்று அவரும் அவருடன் பணியாற்றியோரும் காட்டினர். 1955இல் தொடங்கப்பெற்ற கரிகிரி மருத்துவமனை, மரத்துப்போன பாதங்களுக்கென மென்மையான ரப்பர் அடித்தளம் கொண்ட காலணிகளை உருவாக்கும் பணியில் பெயர்பெற்றது. நோயாளிகள் ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்றும் வழங்குவது அந்த வகையையே. பிராண்ட் 1966இல் அமெரிக்கா சென்ற பின்னர், இதே பாடம் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பொருந்தும் என்பதை வலியுறுத்தினார்.

அந்தப் பாடம் இதுதான்: வலி தெரியாதவர் கண்ணால் பார்க்க வேண்டும்; காலணியால் காக்க வேண்டும். குளிர் நாட்டில் இது இருமடங்கு உண்மை.

எனவே பயணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக உங்கள் பாதங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைப் பார்ப்பதும், கையால் நாடி பார்ப்பதும் சில நிமிட வேலை. உணர்வு குறைந்திருக்கிறதா, இரத்த ஓட்டம் போதுமா என்பவற்றை அறிந்த பின்னரே காலணியைத் தெரிவு செய்ய வேண்டும். ஆறாத புண் இருந்தால், அது ஆறிய பிறகு பயணம் செய்வதைப் பற்றி மருத்துவருடன் பேசுங்கள்.

காலணியைத் தெரிவு செய்தல்

‘எங்கள் ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் ஷூதானே, அதையே போட்டுக்கொண்டு போகலாமே’ என்று ஆம்பூரைச் சேர்ந்தோர் கேட்பது இயல்பு. ஏற்றுமதியாகும் காலணிகளில் அலுவலகத்துக்கு அணிவன, கோடைக்கு அணிவன எனப் பலவகை உண்டு. ஐரோப்பாவுக்குப் போவன எல்லாம் பனிக்காலத்துக்கு உரியன அல்ல. ஷூ கம்பெனியில் அப்பரும் லைனிங்கும் சோலும் தனித்தனியே எப்படி அமைகின்றன என்பதை நேரில் கண்டவர்கள் நீங்கள். அந்த அறிவைக் கொண்டே பனிக்காலக் காலணியையும் பகுத்துப் பார்க்கலாம்.

*அப்பர்:* நீர்புகாத் தோலாகவோ, கீழ்ப்பாதி ரப்பராலும் மேற்பாதி தோலாலும் ஆனதாகவோ இருக்கலாம். கணுக்காலுக்கு மேலே ஏற வேண்டும். தையல் வழியே நீர் புகாமல் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். நாக்குப் பகுதி இருபுறமும் அப்பரோடு சேர்ந்திருந்தால் பனி உள்ளே விழாது.

*லைனிங்:* கம்பளி அல்லது வெப்பம் காக்கும் செயற்கைப் பஞ்சு வேண்டும். கழற்றி உலர்த்தக்கூடிய உள்ளுறை கொண்டது மிக நல்லது. பகலில் வியர்வையால் ஈரமாகும் உள்ளுறை இரவில் உலராவிட்டால், மறுநாள் பாதம் குளிரும்.

*இன்சோல்:* குளிரில் பெரும்பகுதி கீழேயிருந்து, உறைந்த தரை வழியே ஏறுகிறது. தடிமனான இன்சோல் இன்றியமையாதது. மரத்த பாதம் உள்ளோர் தமக்கென இங்கே செய்யப்பட்ட மென்மையான இன்சோலை எடுத்துச் செல்ல வேண்டும். அதைக் கொள்ளும் அளவுக்கு உள்ளாழம் மிகுந்த காலணியைத் தேட வேண்டும். இங்கே அணியும் திறந்த எம்.சி.ஆர். செருப்பு அங்கே வீட்டுக்குள் அணிய உதவும், தெருவுக்கு உதவாது.

*சோல்:* வழவழப்பான தோல் சோல் பனிக்கட்டியின் மேல் வழுக்கும். மலிவான பி.வி.சி. சோல் குளிரில் விறைத்து வழுக்கும். ஆழமான பள்ளங்கள் கொண்ட மென்மையான ரப்பர் சோலே வேண்டும். மிக வழுக்கும் நாள்களில் காலணியின் மேல் மாட்டிக்கொள்ளும் முள் பட்டைகள் அங்கே கிடைக்கும். அவற்றைக் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் நுழையும் முன் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் ஓடு பாவிய தரையில் அவையே வழுக்கும்.

*அளவு:* மாலை நேரத்தில், பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, அணியப்போகும் கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னே ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். குளிருக்கு அஞ்சி இரண்டு மூன்று காலுறைகளை இறுக்கமான காலணிக்குள் திணிப்பது பெருந்தவறு. இறுக்கம் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பாதம் முன்னிலும் குளிரும். மரத்த பாதத்தில் புண்ணும் தோன்றும். தடிமனான ஒரு காலுறை போதும். அதில் தையல் உறுத்தக் கூடாது. மேற்பட்டை இறுக்கக் கூடாது.

பெட்டியின் மேல் ‘மைனஸ் 30’, ‘மைனஸ் 40’ என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் கணக்கு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். விரைந்து நடப்பவருக்குப் போதுமான காலணி, அசையாமல் நிற்கும் முதியவருக்குப் போதாது.

மெட்டி அணியும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடிய காலணிக்குள் மெட்டி பக்கத்து விரலை அழுத்தும். உணர்வு குறைந்தவருக்கு அது புண்ணாகும் வரை தெரியாது. விரல் வீங்கினால் கழற்றுவதும் கடினம். குளிர்காலத்தில் வெளியே செல்லும்போது அதனைக் கழற்றி வைப்பது நலம். பழக்கம் கருதித் தயங்குவோர் அதுபற்றிக் குடும்பத்தாருடன் முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது.

குளிர் நாட்டுத் தெருக்களில் பனி உருகுவதற்காக உப்புத் தூவுவார்கள். அது தோலை வெளுக்கவும் வெடிக்கவும் செய்யும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, அறை வெப்பத்தில் உலர்த்துங்கள். ஹீட்டரின் அருகில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும் என்பது தோல் தொழில் அறிந்த உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தலை, காது, கை

தலை வழியாகத்தான் உடல் வெப்பத்தின் பாதி போகிறது என்பது பரவலான தவறான நம்பிக்கை. மூடாமல் விட்ட எந்தப் பகுதியும் அதனதன் பரப்புக்கு ஏற்ப வெப்பத்தை இழக்கும். ஆனால் காதும் மூக்கும் கன்னமும் எளிதில் உறைபவை. ஆதலால் காதை முழுவதும் மூடும் கம்பளிக் குல்லாவும், கழுத்தையும் வாயையும் மூடும் கழுத்துத் துணியும் தேவை. நம் ஊர் மங்கி குல்லா இதற்கு மிகவும் ஏற்றது, நாணம் வேண்டியதில்லை.

கைக்கு, விரல்கள் தனித்தனியே பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை வெதுவெதுப்பானது. உள்ளே மெல்லிய கையுறை ஒன்றை அணிந்துகொண்டால், பணம் எடுக்கவோ மாத்திரையைப் பிரிக்கவோ வெளியுறையை மட்டும் கழற்றலாம்.

நோய்க்கு ஏற்ற கவனம்

*நீரிழிவு:* இன்சுலின் உறையக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பின்னும் பயன்படுத்தலாகாது. வெளியே செல்லும்போது அதனை வெளிக்கோட்டின் பையில் வைக்காமல், உடலை ஒட்டிய உள்பையில் வையுங்கள். இரவில் காருக்குள் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் கடுங்குளிரில் சரியாக இயங்காது. வீட்டுக்குள் வந்து, கருவி அறை வெப்பத்துக்கு வந்த பிறகு அளவிடுங்கள். எனவே கோட்டு வாங்கும்போது உள்பை இருக்கிறதா என்று பாருங்கள்.

*இதய நோய்:* குளிர் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். இரத்த அழுத்தம் ஏறும். இதயத்தின் வேலை கூடும். ‘மகனுக்கு உதவியாக இருக்கட்டும்’ என்று வாசலில் கிடக்கும் பனியை மண்வெட்டியால் அள்ளத் தொடங்கும் தந்தையர் உண்டு. இதய நோய் உள்ளவர் அதைச் செய்யவே கூடாது. குளிர்ந்த காற்றில் கனமான வேலை மாரடைப்பைத் தூண்டக்கூடும். நாவின் கீழ் வைக்கும் மாத்திரை, கையுறையோடும் எட்டக்கூடிய பையில் இருக்கட்டும்.

*ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் நோயும்:* குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். வாயையும் மூக்கையும் கழுத்துத் துணியால் மூடி மூச்சு விட்டால், உள்ளே போகும் காற்று சற்று வெதுவெதுப்பாகும். இன்ஹேலரையும் உடலை ஒட்டிய பையிலேயே வையுங்கள். மிகவும் குளிர்ந்தால் மருந்து சரியாக வெளிவராது.

*இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர்:* உங்களுக்குப் பெரிய ஆபத்து வழுக்கி விழுவதே. சோலைத் தெரிவு செய்வதில் மிகுந்த கவனம் கொள்ளுங்கள். தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

*தைராய்டு குறைவும் இரத்தசோகையும்:* இவை உள்ளோருக்குக் குளிர் மிகுதியாகத் தெரியும். ஓர் அடுக்கு கூடுதலாக அணியுங்கள். புறப்படும் முன் இரத்தப் பரிசோதனை செய்து மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள்ளும் ஆபத்து உண்டு

மரத்த பாதங்களுக்குக் குளிரைப் போலவே சூடும் பகை. வெளியிலிருந்து வந்ததும் பாதத்தை ஹீட்டரின் அருகே நீட்டுவது, வெந்நீர்ப் பையைக் காலுக்கடியில் வைத்து உறங்குவது, மின்கம்பளியை இரவு முழுவதும் போட்டிருப்பது ஆகியவற்றால் தீப்புண் ஏற்படக்கூடும். அது காலையில்தான் தெரியவரும். பாதத்தைக் கழுவும் நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். முழங்கையால் பாருங்கள், அல்லது உணர்வு குறையாத ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்புக்குத் தூய கம்பளிக் காலுறையும் அடி தடித்த வீட்டுச் செருப்பும் போதும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நாள்தோறும் இரவில் பாதத்தின் அடிப்பகுதியையும் விரலிடுக்கையும் கண்ணாடி கொண்டு பாருங்கள். கண் மங்கியவருக்கு மகனோ மருமகளோ பேரனோ பார்த்துச் சொல்லலாம். அங்கே காற்று வறண்டிருப்பதால் குதிகால் வெடிக்கும். பாதத்தில் தேங்காயெண்ணெயோ மருத்துவர் தந்த களிம்போ தடவுங்கள், விரலிடுக்கில் மட்டும் தடவ வேண்டாம்.

உடன் இருப்போர் அறிய வேண்டியவை

முதியோர் ‘குளிரவில்லை’ என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வயது ஏற ஏற நடுக்கமும் குளிருணர்வும் குறையும். உடலின் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை உடல்வெப்பக் குறைவு என்கிறோம். பேச்சுக் குழறல், தள்ளாட்டம், குழப்பம், காரணமில்லாத உறக்கக் கலக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியாவதை நலம் என்று எண்ணிவிடலாகாது. அது நிலைமை முற்றியதன் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே உள்ளே அழைத்துவந்து, ஈர உடையைக் களைந்து, போர்வையால் போர்த்தி, அவசர மருத்துவ உதவியை அழையுங்கள். உடலைச் சூடேற்ற மது கொடுப்பது தவறு. அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து வெப்பத்தை வெளியேற்றும்.

விரலோ காதோ வெளுத்து, மெழுகுபோல் விறைத்து, உணர்வற்றுப் போனால் அது உறைபனிக் காயம். அவ்விடத்தைத் தேய்க்காதீர்கள், பனியாலும் தேய்க்காதீர்கள், தீயிலும் ஹீட்டரிலும் காட்டாதீர்கள். காலணியையும் மோதிரத்தையும் மெல்லக் கழற்றுங்கள். மருத்துவ உதவி கிடைக்கத் தாமதமானால், மீண்டும் குளிரில் போக நேராது என்று உறுதியான பிறகே, 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். நீரின் சூட்டை வெப்பமானியால் அளக்க வேண்டும். பாதத்தில் காயம் உள்ளவரை நடக்க விட வேண்டாம்.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் செல்லும் பெரியோருக்கு ஒன்று: காரில் உள்ள குழந்தை இருக்கையில், தடித்த கோட்டோடு குழந்தையை அமர்த்திப் பட்டை கட்டக் கூடாது. மோதலின்போது கோட்டு நசுங்கிப் பட்டை தளரும். மெல்லிய உடையோடு பட்டையை இறுக்கிக் கட்டி, அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

செலவைக் குறைக்க

எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிவிட வேண்டியதில்லை. தெர்மல் உள்ளாடை, ஸ்வெட்டர், குல்லா, காலுறை ஆகியவற்றை இங்கே வாங்கலாம். கடுங்குளிருக்குரிய வெளிக்கோட்டையும் பனிக்காலக் காலணியையும் அங்கே போட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது. முதல் நாளுக்கு மட்டும், விமான நிலைய வாயிலிலிருந்து கார் வரை போதுமான ஸ்வெட்டரும் மூடிய காலணியும் கைப்பையிலேயே இருக்கட்டும்; வரவேற்க வருபவரை ஒரு கோட்டோடு வரச் சொல்லுங்கள். பழைய உடைகளை விற்கும் கடைகளில் நல்ல கோட்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் மரத்த பாதம் உள்ளவர் பிறர் அணிந்த காலணியை வாங்க வேண்டாம். அது அவருடைய பாதத்துக்கு ஏற்பப் படிந்திருக்கும்.

செலவில் எதற்கு முதலிடம் என்று கேட்டால், நாங்கள் காலணி என்றே சொல்வோம். ஸ்வெட்டர் போதாவிட்டால் மேலே ஒரு போர்வை போர்த்தலாம். காலணி தவறினால் விரலை இழக்க நேரிடலாம்.

புறப்படும் முன் சரிபார்க்க

1. போகும் ஊரின் வெப்பநிலையை, இறங்கும் மாதத்துக்குரியதாகத் தெரிந்துகொண்டீர்களா?
2. பாத உணர்வும் இரத்த ஓட்டமும் சோதிக்கப்பட்டனவா?
3. உங்களுக்கென்று செய்த இன்சோல் பெட்டியில் உள்ளதா?
4. தெர்மல் உள்ளாடை இரண்டு இணையும், கம்பளிக் காலுறை நான்கு இணையும் உள்ளனவா?
5. இன்சுலின், இன்ஹேலர், நாவின் கீழ் வைக்கும் மாத்திரை ஆகியவற்றுக்கு உடலை ஒட்டிய உள்பை உள்ளதா?
6. பாதத்தைப் பார்க்கக் கைக்கண்ணாடியும், நீரின் சூட்டை அளக்க வெப்பமானியும் எடுத்துவைத்தீர்களா?
7. நோய்களின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு ஆகியவற்றை எழுதிய மருத்துவரின் கடிதம் கைப்பையில் உள்ளதா?
8. நாள்தோறும் உங்கள் பாதத்தைப் பார்ப்பவர் யார் என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டதா?

எட்டாவது வினாவுக்கு விடை எழுதாமல் பயணச் சீட்டை உறுதிசெய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை மருந்துச் சீட்டுக்காக வரும்போது, நீங்கள் அங்கே அணியப்போகும் காலணி கையில் இருந்தால் அதனையும் எடுத்து வாருங்கள். பாதப் பராமரிப்புப் பிரிவில் போட்டுப் பார்த்து, ஏற்றதா இல்லையா என்று சொல்கிறோம்.